முற்றத்து மரத்தைப் பாடிய மந்திரி

கி.பி. 855ஆம் ஆண்டு. ஜப்பான் தேசத்துத் தலைநகராயிருந்த கியோத்தோவில், தலைமுறை தலைமுறையாகக் கல்வித்தொழில் புரிந்துவந்த ஒரு குடும்பத்தின் இல்லம். பின்பனி முற்றும் நீங்காத இளவேனில் தொடக்கத்து நிலவிரவில், முற்றத்து உமே மரம் பூத்திருந்தது. அவ்வீட்டின் பதினொரு வயதுப் பாலகன் செய்யுள் இயற்ற வல்லனோ என்று சோதிக்குமாறு தந்தையார் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டார். பாலகன் நிலவையும் அப்பூக்களையும் பொருளாகக் கொண்டு சீனமொழியில் நான்கடிச் செய்யுளொன்று செய்தான். நிலவொளி அவனுக்குப் பனியாகத் தோன்றியது. பூக்கள் விண்மீன்களாகத் தோன்றின. அவன் செய்த முதற் செய்யுள் அதுவே. பல்லாண்டுகட்குப் பின்னர்த் தம் நூல்களையெல்லாம் தொகுத்தபோது, அதனையே முதலில் வைத்து, இது தம் பதினோராம் வயதில் செய்தது என்று ஒரு குறிப்பும் அவர் எழுதினார்.

அப்பாலகனே சுகவரா மிச்சிசானே. ஜப்பானில் அவர் பெயரை அறியாத பள்ளிச் சிறுவர் இலர். நம்மவருள் அவரை அறிந்தோர் மிகச் சிலரே ஆதலின், அவருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிந்தேன். பூவைப் பாடுதல் வயிறு நிறைந்தோருடைய பொழுதுபோக்கு என்று யானும் ஒருகாலத்து எண்ணியிருந்தவன். பஞ்சாலையில் இருபதாண்டு நின்றவனுக்கு அவ்வெண்ணம் எழுதல் இயற்கையே. இவருடைய வாழ்க்கையைப் படித்த பின்னர் அவ்வாறு எண்ண என்னால் இயலவில்லை.

உமே என்பது பிளம் மரத்துக்கு இனமானது. பழங்காலத்தில் சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்தது. இலை துளிர்க்கும் முன்னரே வெறுங்கொம்பில் ஐந்திதழ்ப் பூவாக, வெண்மையாகவும் செம்மையாகவும் மலரும். கிளைமேல் பனி கிடக்கையிலும் பூக்கும் மரமாதலின், வேனிலின் வரவை முதலிற் கூறும் தூதாக அதனைக் கொண்டனர். புளிப்பு மிக்க அதன் காயை உப்பிலிட்டு ஊறுகாயாக உண்பர். இக்காலத்து ஜப்பான் என்றவுடன் செர்ரிப் பூவை நினைக்கின்றோம். அந்நாட்டின் மிகப் பழைய பாட்டுத் தொகுதியாகிய மன்யோஷூவிலோ செர்ரியைப் பாடியவற்றினும் உமேயைப் பாடியவை மிக அதிகம்.

மிச்சிசானே 845ஆம் ஆண்டில் பிறந்தார். பாட்டனார் கியோகிமி, 804ஆம் ஆண்டு சீனத்துக்குச் சென்ற தூதுக் குழுவில் ஒருவர். பௌத்த ஆசாரியர்களாகிய சைச்சோவும் கூக்காயும் கடல்கடந்தது அக்குழுவோடுதான். தந்தையார் கொரேயோஷி பெரும்புலவர். அன்னையார் கன்னோன்பால், அதாவது நம் அவலோகிதேசுவர போதிசத்துவரிடத்து, பக்தி உடையவர். மகன் குழந்தையாயிருக்கையில் கடும் நோயுற்றபோது கன்னோன் படிமம் ஒன்று செய்விப்பதாக நேர்ந்துகொண்டவர். அந்நேர்த்தியைத் தாம் இறக்கும் தறுவாயில் மகனுக்கு நினைவூட்டினார். 881ஆம் ஆண்டில், பெற்றோர் இருவரும் மறைந்த பின்னர், மகன் சத்தர்ம புண்டரீக சூத்திரப் பிரசங்கம் நடத்தி அக்கடனைத் தீர்த்தார்.

அவர் பரீட்சைகளில் தேறிய வரலாறும் பெற்ற பட்டங்களும் நீளமானவை, அவற்றை விடுப்போம். 870ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் மிகக் கடினமான பரீட்சையில் தேறினார் என்பதும், 877இல் இலக்கியப் பேராசிரியரானார் என்பதும் போதும். அவருடைய படிப்பறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 893ஆம் ஆண்டில் அவரே அதனைப்பற்றி ஒரு கட்டுரை வரைந்துள்ளார்.

வீட்டின் தென்மேற்கு மூலையில் ஒரு நடைகூடம். அதன் தென்கோடியில் பத்தடிச் சதுரத்துக்குச் சற்றே மேற்பட்ட ஓர் அறை. ஆட்கள் உள்ளே புகும்போதும் வெளியேறும்போதும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்கும்படியான இடம். வாயிலருகே ஓர் உமே மரம். கிழக்கே சில அடி தள்ளிச் சில மூங்கில்கள். பூக்குங்காலத்தும் காற்று வீசுங்காலத்தும் அவையே உள்ளத்துக்கு ஊட்டமாயின என்று எழுதுகின்றார். அவ்வறையிலிருந்து படித்துத் தேறியோர் ஏறத்தாழ நூற்றுவர். அடுத்து வருவன குறைகள். வருவோர் ஏட்டுப்பிழை சுரண்டும் கத்தியை எடுத்து மேசையைச் செதுக்குகின்றனர். தூரிகையை எடுத்து விளையாடிப் புத்தகங்களைக் கறைப்படுத்துகின்றனர். பல நூல்களிலிருந்து தாம் எழுதிவைத்த குறிப்புத்துண்டுகளை, புத்தியுள்ளவன் கண்டால் மடித்து மடியில் வைத்துக்கொள்கின்றான், புத்தியில்லாதவன் கண்டால் கிழித்தெறிகின்றான் என்கின்றார். எங்கள் குடியிருப்பு வாசகசாலைக்குச் சிலகாலம் பொறுப்பாயிருந்தவன் என்னும் முறையில், ஆயிரத்து நூறாண்டுக்கு முற்பட்ட இக்குறைகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் முற்றத்துப் பூவை நோக்கி மெய்ம்மறந்திருந்த மனிதரல்லர். முன்கோபமும் உண்டு, தம் கல்வியைப் பற்றிய பெருமிதமும் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவ்வீட்டில் துக்கம் புகுந்தது. ஆமரோ என்னும் மகன் ஏழாம் வயதில் இறந்தான். அவன் தம்பியாகிய சிறு குழந்தையும் அவனைத் தொடர்ந்து சென்றது. உறக்கமற்ற இரவுகளுக்குப் பின் ஒருநாள் கனவில் மகனைக் கண்டு விழித்த தந்தை நீண்ட செய்யுளொன்று எழுதினார். மைந்தன் விளையாட்டாக முற்றத்தில் நட்ட பூஞ்செடிகளின் வித்து அங்கேயே கிடக்கின்றது. சுவரில் அவன் எழுதிப் பழகிய எழுத்துக்கள் அழியாமல் இருக்கின்றன. பாலப்பருவத்தில் விண்மீனாகப் பூவைக் கண்டவர், இப்போது தம் முற்றத்தில் மகன் கைபட்ட மண்ணைக் காண்கின்றார். அச்செய்யுளின் முடிவில், தம் குழந்தையைக் காத்துப் பெருந்தாமரையில் அமர்த்துமாறு அவலோகிதேசுவரரை வணங்குகின்றார். பிள்ளையை இழந்த பெற்றோர் எவர்க்கும் அதனை நான் படித்துச் சொல்வதுண்டு.

886ஆம் ஆண்டு மிச்சிசானே சனுக்கி என்னும் மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். அது ஷிக்கோக்குத் தீவில் உள்ளது. தலைநகரையும் புலவர் கூட்டத்தையும் அரண்மனையில் இளவேனில் விருந்தன்று கவிபாடும் மரியாதையையும் விட்டுப் பிரிந்தது அவர்க்குப் பெருங்கசப்பாயிருந்தது, மறைக்காமல் எழுதுகின்றார். ஆயினும் அவரைப் பெருங்கவியாக ஆக்கியது அந்நாடே என்பது என் கருத்து.

அங்குச் சென்ற முதற் குளிர்காலத்தில் அவர் பத்துச் செய்யுள் செய்தார். குளிர் யாருக்கு முதலில் வருகின்றது என்னும் ஒரே வினாவினால் பத்தும் தொடங்கும். வரிக்கு அஞ்சி ஓடிப்போய்த் திருப்பி அனுப்பப்பட்டவன்; வேற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன்; மனைவியை இழந்த கிழவன்; தாய்தந்தையற்ற பிள்ளை; அரசாங்க மூலிகைத் தோட்டத்தில் வேலை செய்பவன்; அஞ்சல் குதிரைக்காரன்; கூலிக்குப் படகு ஓட்டுபவன்; மீனவன்; உப்பு விற்பவன்; விறகு வெட்டி. பத்தும் பத்துப் பேர். உப்பு விற்பவனைப் பற்றிய செய்யுளில், வறண்ட நாளில் உப்பு விலை விழுந்துவிடுவதையும், ஊர்ப் பெரிய மனிதர் வியாபாரத்தைத் தாமே கைப்பற்றிக்கொள்ள, அவன் துறைமுகத்து அதிகாரிகளிடம் முறையிட ஓயாது நடப்பதையும் கூறுகின்றார்.

மூலிகைத் தோட்டக்காரனைப் பற்றியதை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டுகின்றேன். அவன் மூலிகைகளின் குணம் அறிந்தவன். எந்தப் பருவத்தில் எதனைப் பறிக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். தன்னைப் பிடித்த வறுமை நோய்க்கு மட்டும் அவனிடம் மருந்தில்லை. ஊதியமற்ற கட்டாய வேலை. ஒப்படைக்கும் மூலிகை எடையில் ஒரு மணி குறைந்தாலும் பிரம்படி. அதுவரை தோட்டம் என்றால் பத்தடி அறையின் வாயிலில் நிற்கும் பூமரம் என்று அறிந்திருந்த ஒருவர், தோட்டத்தில் குனிந்து நிற்பவனுடைய முதுகை இங்கே பார்த்துவிட்டார். யான் வேலை செய்த ஆலையொன்றிலும் நூலின் எடை குறைந்தால் மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொள்வார். பிரம்பு இல்லை, அவ்வளவே வேறுபாடு. ஆகையால் அச்செய்யுளின் பொருளை முதன்முதல் அறிந்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனையும் எழுதியவர் அவ்வாளுநரே என்பதையும் மறத்தலாகாது. வரி வாங்கியவர் அவர். பிரம்பும் அவருடைய ஆட்சியின் பிரம்பே. இதனை அவர் எவ்வளவு மாற்றினார் என்பதற்கு யான் சான்று கண்டிலேன். 888ஆம் ஆண்டு கொடிய வறட்சி வந்தபோது மலையேறி மழைக்காக வேண்டினார் என்பது பதிவாகியுள்ளது. கண்டதைக் காணாததுபோல் எழுதவில்லை என்ற அளவில் அவரை மதிப்போம்.

890இல் தலைநகர் திரும்பினார். உதா சக்கரவர்த்தி அவருடைய நேர்மையையும் புலமையையும் கண்டு அருகில் வைத்துக்கொண்டார். அக்காலத்து இராஜாங்கம் முழுவதும் புஜிவாரா குடும்பத்தார் கையில் இருந்தது. அவர்களுக்கு எதிரெடையாக ஒரு புலவரை உயர்த்துவது சக்கரவர்த்தியின் நோக்கம். 894இல் சீனத்துக்குத் தூதராக நியமிக்கப்பட்ட மிச்சிசானே, அங்கே உள்நாட்டுக் குழப்பம் மிகுந்திருப்பதால் பயணத்தை மறுபடி ஆராய வேண்டும் என்று விண்ணப்பித்தார். தூது செல்லவே இல்லை. 907இல் தாங் அரசே வீழ்ந்தது. 899இல் அவர் வலப்புற மந்திரி. இடப்புற மந்திரி புஜிவாரா தொக்கிஹிரா, வயதில் மிக இளையவர். 900ஆம் ஆண்டில் பாட்டனார், தந்தையார், தாம் ஆகிய மூவர் நூல்களையும் 28 சுருள்களாகத் தொகுத்து, உதாவின் மகனும் புதிய சக்கரவர்த்தியுமாகிய தைகோவுக்குச் சமர்ப்பித்தார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில், அரண்மனையில் அவர் பாடிய செய்யுளுக்காகச் சக்கரவர்த்தி ஓர் ஆடையைப் பரிசளித்தார்.

அதே ஆண்டில் மியோஷி கியோயுக்கி என்னும் புலவர், பதவியை விட்டு விலகுவது நன்று என்று அவருக்குக் கடிதம் எழுதினார். மந்திரி பதவியை ஏற்கும்போது மும்முறை மறுத்து விண்ணப்பித்தவர்தாம், இம்முறை விலகவில்லை. பற்று எத்தகைய கல்வியாளரையும் கட்டிப்போடும். வேறு காரணமும் இருந்திருக்கலாம், நாம் அறியோம்.

901ஆம் ஆண்டு முதல் மாதம் 25ஆம் நாள் இடி விழுந்தது. தைகோவை நீக்கிவிட்டு அவர் தம்பியும் தம் மருமகனுமாகிய இளவரசரை அரியணையேற்றச் சூழ்ச்சி செய்தார் என்று மிச்சிசானேமீது குற்றம் சாட்டினர். செய்தி கேட்டு உதா அரண்மனைக்கு விரைந்தார். அவருக்குக் கதவு திறக்கப்படவில்லை. தென்மேற்குக் கோடியில், க்யூஷூத் தீவிலுள்ள தசாய்புவுக்குப் பெயரளவில் ஓர் உத்தியோகத்தோடு அவரைத் துரத்தினர். மூத்த மைந்தர் நால்வரை நான்கு இடங்களுக்கு நாடு கடத்தினர். மனைவி தலைநகரிலேயே தங்கினார். ஒரு சிறு பையனும் ஒரு சிறு பெண்ணும் தந்தையோடு செல்ல விடப்பட்டனர். வழியிலுள்ள நிலையங்கள் அவருக்குக் குதிரையும் உணவும் தரலாகாது என்பது கட்டளை.

அது உமே பூக்கும் பருவம். புறப்படுமுன் தம் முற்றத்து மரத்தை நோக்கி அவர் பாடிய ஐந்தடிப் பாட்டு, சீனமொழியை விட்டுத் தாய்மொழியிலேயே பாடியது, இன்றும் அந்நாட்டில் எல்லோர்க்கும் மனப்பாடம். வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் மரத்திடம் பேசி, தலைவன் இல்லை என்பதற்காகப் பூப்பதை மறவாதே என்று கேட்டுக்கொள்கின்றார். அவ்வளவே. இராஜத்துரோகி என்று பட்டம் சுமந்து செல்லும் மனிதர், தம் வழக்கைப் பற்றி அப்பாட்டில் ஒரு சொல்லும் கூறவில்லை. மரத்துக்கு அதிலே என்ன?

தசாய்புவுக்கும் உமேக்கும் முன்பே ஒரு தொடர்பு உண்டு. 730ஆம் ஆண்டில் அங்கிருந்த ஆளுநர் ஓதோமோ தபித்தோ, தம் மாளிகைத் தோட்டத்தில் உமே பூத்ததைக் கொண்டாட விருந்து வைத்தார். வந்தோர் 32 பாட்டுக்கள் பாடினர். அவற்றின் முன்னுரையிலிருந்துதான் 2019இல் ஜப்பானியர் தம் புதிய ஆண்டுக்கணக்கின் பெயரை எடுத்தனர். 171 ஆண்டுகட்குப் பின் அதே ஊருக்கு வந்த மிச்சிசானேக்கு வாய்த்ததோ ஒழுகும் கூரையுள்ள பாழ்வீடு. அவர் வாயிலைத் தாண்டவில்லை. அரசாங்க மாளிகையின் ஓட்டின் நிறத்தைத் தொலைவிலிருந்து கண்டார். கன்செயோன்ஜி விகாரையின் மணியோசையைக் கேட்டார். அவலோகிதேசுவரர் பெயரால் எழுந்த விகாரை அது. அம்மணி ஜப்பானிலுள்ள மிகப் பழைய மணிகளுள் ஒன்று. அதே மணி இன்றும் உள்ளது.

மூன்று மாதங்கட்கு மேல் வீட்டிலிருந்து யாதொரு செய்தியும் இல்லை. பின்னர் ஒரு கடிதம் வந்தது. மேற்கு வாயிலில் நின்ற மரத்தை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டனர். வடபுறத் தோட்டத்தில் அயலார் குடியேறியிருக்கின்றனர். கடிதத்தோடு காகிதத்தில் பொதிந்த இஞ்சி, மருந்துக்கென்று எழுதியிருந்தது. மூங்கிற்கூடையில் கடற்பாசி, உபோசத நாளின் உணவுக்கென்று எழுதியிருந்தது. மனைவியும் மக்களும் படும் பசியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. தமக்கு மேலும் துயரம் தந்தது அச்சொல்லாமையே என்று அவர் செய்யுளில் எழுதினார். இருபக்கத்தாரும் ஒருவர்க்கொருவர் ஒளித்துவைத்த அந்தத் துன்பத்தை நினையுங்கள். இஞ்சியைப் பொதிந்து அனுப்பிய அம்மையாருடைய கையெழுத்தை, இவர் நூல்களில் உள்ள எதனினும் பெரிதாக யான் மதிக்கின்றேன்.

ஓராண்டுக்கு முன் பரிசாகப் பெற்ற அரசரின் ஆடையை அங்கும் உடன் வைத்திருந்தார். அதே நாள் வந்தபோது அதனை எடுத்துப் பார்த்துப் பாடினார். 902இல் உடன்வந்த சிறு மகன் இறந்தான். ஆமரோவுக்குப் பின் இன்னொருவன்.

903ஆம் ஆண்டு இளவேனில் தொடக்கத்தில் தசாய்புவில் பனி பெய்தது. நோயுற்றிருந்த முதியவர் அதனைக் கண்டு நான்கடி எழுதினார். ஊரெங்கும் உமே பூத்ததுபோல் இருந்தது. வாத்தின் காலில் ஒட்டிய பனி, யாரோ கட்டியனுப்பிய கடிதமோ என்று தோன்றியது. காக்கையின் தலையில் வெண்பனி விழவே, வீடு திரும்பும் எண்ணம் எழுந்தது. காக்கைத் தலை வெளுத்தால் விடுதலை என்று பகையரசன் சிறைப்பட்ட இளவரசன் ஒருவனுக்குச் சொன்னதாகச் சீனத்தில் ஒரு பழங்கதை உண்டு. அதனை உட்கொண்டு பாடியது அது. பதினொரு வயதில் நிலவைப் பனியாகக் கண்டு, மெய்யான பூவைப் பாடினார். ஐம்பத்தொன்பதாம் வயதில் பனியே பூவாகத் தோன்றியது, பூ அங்கில்லை. அதுவே அவருடைய கடைசிச் செய்யுள். தசாய்புவில் எழுதியவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி நண்பர் கி ஹசெயோவுக்கு அனுப்பினார். இரண்டாம் மாதம் 25ஆம் நாள் காலமானார்.

சவத்தை ஏற்றிச் சென்ற வண்டியின் எருது ஓரிடத்தில் படுத்து எழ மறுத்தது என்றும், அவ்விடத்திலேயே அடக்கம் செய்தனர் என்றும் கூறுவர். 905இல் சீடர் ஒருவர் அதன்மேல் அன்ராக்குஜி என்னும் பௌத்த ஆலயத்தை எழுப்பினார்.

பின்னர் நடந்தவை எனக்கு அவ்வளவாக விருப்பமானவையல்ல. 909இல் தொக்கிஹிரா இளமையிலேயே இறந்தார். 923இல் பட்டத்து இளவரசர் இறக்கவே, அஞ்சிய அரண்மனை, இறந்த மந்திரிக்குப் பழைய பதவியைத் திருப்பியளித்தது. 930இல் அரண்மனைமீது இடி விழுந்து சிலர் மாண்டனர். அவ்வாண்டே தைகோவும் மறைந்தார். மிச்சிசானேயின் சினமே இடியாய் வந்தது என்று நம்பி, 947இல் கியோத்தோவின் கித்தானோவில் கோயில் எடுத்து அவரைத் தெய்வமாக்கினர். பதினொருமுக அவலோகிதேசுவரரின் தோற்றமே அவர் என்று பௌத்தர் கொண்டனர்; அது அன்னையாரின் நேர்த்தியோடு பொருந்துகின்றது. கடைசி ஆண்டுகளின் செய்யுட்களில் முறையீடு உண்டு, புலம்பல் உண்டு, குற்றமற்றவன் என்னும் வற்புறுத்தல் உண்டு. பிறரை இடியால் அழிக்கும் சினத்தை யான் அவற்றுள் காணவில்லை. அந்த இடி, கதவைத் திறவாதவர்களின் நெஞ்சிலிருந்து வந்தது போலும்.

கல்வித் தெய்வமாக இன்று மாணாக்கர் பரீட்சைக்கு முன் அவரை வணங்குகின்றனர். 1868க்குப் பின்னர் அரசாங்கம் பௌத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்தபோது தசாய்புவில் அன்ராக்குஜி மறைந்து, தெய்வக் கோயில் மட்டும் நின்றது. அவ்வளாகத்தில் ஏறத்தாழ 6,000 உமே மரங்கள் உள்ளன. பாழ்வீட்டிலிருந்த மிச்சிசானேக்கு ஒரு கிழவி உமேக் கொம்பில் செருகி அரிசி அடை கொடுத்தாள் என்னும் கதையை நினைந்து, உமேப் பூ முத்திரையிட்ட அடைகளை வாயிற் கடைகளில் சுட்டு விற்கின்றனர். பிரதான மண்டபத்தின் அருகே வேலியிட்டு ஒரு வெள்ளை உமே மரம் நிற்கின்றது. தலைவர் சென்ற இரவே கியோத்தோ முற்றத்திலிருந்து பறந்து வந்த மரம் அதுவே என்பது அவ்வூரார் நம்பிக்கை. வளாகத்து மற்ற மரங்கள் மொட்டு விரியுமுன்னர் அது பூத்துவிடும் என்கின்றனர்.